சங்கிலி இறுகும் சத்தம்

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் குகையை அழித்துவிட வேண்டும் என்று கணிப்பொறி மைய டைரக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. பல்கலைக்கழகக் கணிப்பொறியில் ஒரு விளையாட்டு இருப்பது அவர்கள் கண்ணில் பட்டால் அவருடைய மானம் போய்விடும்.

அதற்குள் அன்னக்கொடி அந்த விளையாட்டில் வரும் இரும்புக் கதவைத் திறந்தாக வேண்டும்.

எண்பத்தொன்றில் இயந்திரத்தைப் பொருத்த வந்த பம்பாய் இன்ஜினியர் விட்டுவிட்டுப் போன விளையாட்டு அது. படம் கிடையாது. வெறும் எழுத்து. நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய் என்று திரை ஆங்கிலத்தில் சொல்லும். தெற்கே போக எஸ் என்று அடிக்க வேண்டும். வடக்கே போக என். போனால் அடுத்த இடம் என்ன என்று சொல்லும். கையில் ஒரு விளக்கு உண்டு. அது அணைந்தால் இருட்டில் பள்ளத்தில் விழுந்து சாக வேண்டியதுதான். பாதியில் நிறுத்திவைத்து நாளைக்கு வர வழியில்லை. ஒவ்வொரு நாளும் வாசலிலிருந்துதான்.

அன்னக்கொடி அங்கே மாணவர்களின் மதிப்பெண்களை ஏற்றும் வேலையில் இருந்தாள். சாப்பாட்டு நேரம் முழுவதும் குகைக்குப் போனது. தூக்குச்சட்டியைத் திறக்காமலே விளாங்குடி வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போய் அம்மாவிடம் ஏச்சு வாங்கினாள்.

கதவு வரைக்கும் வந்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதமாக ஒன்றும் நடக்கவில்லை.

நடுவில் ஓர் அறை, பூட்டிய இரும்புக் கதவு. அதைச் சுற்றி நாலு பக்கமும் கல் பாவிய நடை. நுழைவது கிழக்கிலிருந்து. முதல் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது, பிராகாரம்தான். தெற்கே திரும்பி வலம் வந்தாள். ஒரு பக்கம் கடந்ததும் திரை சொன்னது: எங்கோ ஒரு சங்கிலி இறுகும் சத்தம் கேட்கிறது. அவளுக்குப் புல்லரித்தது. மூன்று சுற்று வந்தாள். பக்கத்துக்குப் பக்கம் சங்கிலி இறுகியது. கதவு அப்படியே இருந்தது.

சுற்று போதவில்லை என்று நினைத்தாள். கூடுதலாகச் சுற்ற விளக்கு அணையாமல் இருக்க வேண்டும். அதற்காகக் கதவுக்கு வரும் குறுக்குவழிகளைத் தேடி, பிரின்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து மனப்பாடம் செய்தாள். சுற்றிச் சுற்றி விளக்கு அணைந்து செத்தாள். திற, உடை, தள்ளு என்றெல்லாம் அடித்துப் பார்த்தாள். கும்பிடு என்றுகூட ஒருநாள் அடித்தாள். அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்றது இயந்திரம்.

விளையாட்டை டேப்பில் நகலெடுத்து வைக்கலாமா என்று டைரக்டரிடம் கேட்டாள். அந்த டேப்புகளையும் ஆய்வுக் குழு எண்ணுமாம்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு பீர் முகமது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இயந்திரத்தை இயக்குபவர் அவர். அழிக்கும் உத்தரவு அவருக்குத்தான். அவளுடைய விளக்கு அப்போதுதான் அணைந்திருந்தது.

“என்ன தாயி, செத்துட்டியா?”

“செத்துட்டேண்ணே. இன்னொருவாட்டி.”

“குகை மேல இம்புட்டு ஆசைன்னா கீழக்குயில்குடி மலையில ஏறிப் படுத்துக்கயேன். சமணருக வெட்டிவச்ச படுக்கை சும்மாத்தான கிடக்கு.”

“வெறுப்பேத்தாதீங்க.”

விரல்கள் பழகிய வழியில் ஓடின. சீக்கிரமே கதவுக்கு முன்னால் நின்றாள். பீர் முகமது கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார்.

“இங்க என்ன செய்வ?”

“சுத்துவேன்.”

“எம்புட்டு?”

“விளக்கு அணையிற வரைக்கும். அணையாம இருந்தா நூத்தியெட்டு சுத்துவேன்.”

“சுத்துனா வரம் குடுக்க இது என்ன அழகர்கோவிலா? கோயில்னு எங்க போட்டிருக்கு?”

“போடலை. ஆனா சத்தம் கேக்குதுல்ல? சங்கிலி இறுகுதுல்ல? ஏதோ நடக்குதுன்னுதான அர்த்தம்?”

“இறுகுனா எப்படித் தாயி திறக்கும்?”

 அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். அழிரப்பரை எடுத்து அவர் மேல் எறியலாம் போலிருந்தது.

“இடமாச் சுத்து” என்றார் அவர்.

“யாராச்சும் இடமாச் சுத்துவாகளா?”

“எங்க அத்தா போன வருசம் மக்காவுல இடமாத்தான் சுத்திட்டு வந்தாக. கை கால் நல்லாத்தான் இருக்கு. தெருவே ஹாஜியார்னு கூப்பிடுது.”

அன்னக்கொடி வடக்குக்கான “என்” எழுத்தின் மேல் விரலை வைத்தாள். சாவுச் சடங்கில்தான் இடமாகச் சுற்றுவார்கள்; சவ ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பதுபோல் இருந்தது. அழுத்தினாள்.

எங்கோ ஒரு சங்கிலி தளரும் சத்தம் கேட்கிறது.

ஒரே சுற்று. கதவு திறந்துகொண்டது. கீழே படிகள் இறங்குகின்றன என்றது திரை. அதற்குக் கீழே இன்னொரு வரி: குகையின் முதல் பகுதி முடிந்தது. மதிப்பெண், ஐந்நூற்றுக்கு முப்பது.

பீர் முகமது சிரித்தார். “நீ ஏத்துற மார்க்கு மாதிரியே இருக்கு. ஃபெயிலு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுதான் முடிவு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. பிராகாரத்தைப் போலவே அதையும் அவளாகத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் ஒரு வாசற்படியில் போயிருக்கிறது.

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“எனக்கு என்ன தெரியும்? நீ எங்க என்னைக் கேட்ட?”

அதுவும் உண்மைதான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. படியில் இறங்கினாள். அவசரத்தில் படிகளைப் பற்றித் திரை சொன்னதைப் படிக்கவில்லை. மூன்றாவது படி இடிந்துபோயிருந்தது. விழுந்து செத்தாள்.

மறுபடி ஆடுகிறாயா? ஆம், இல்லை.

“இல்லைன்னு அடிச்சிரு தாயி” என்றார் பீர் முகமது. குரலில் கேலி இல்லை. “நீ வெளிய வந்தாத்தான் அழிக்க முடியும். ஓடிக்கிட்டு இருக்கிறதை அழிச்சா மெஷின் ஒத்துக்காது.”

“மணி அஞ்சாகலையே.”

“ஆயிருச்சு. ஆளும் வந்தாச்சு.”

அறைக் கதவுக்கு வெளியே டைரக்டரின் இருமல் கேட்டது. காலணியைக் கழற்றாமல் அந்த அறைக்குள் யாரும் வரக் கூடாது. தூசி ஆகாது. அவரே போட்ட சட்டம். மற்றவர்கள் செருப்பை உதறிவிட்டு வருவார்கள். அவருக்குக் கயிறு கட்டும் ஷூ. தொப்பையோடு குனிந்து முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

இரண்டு முடிச்சு அவிழும் நேரம் இருந்தது. படிக்குக் கீழே என்ன என்று ஓர் இடமாவது பார்த்துவிடலாம்.

ஆம் என்று அடித்தாள்.

“ஏ அன்னம்!”

வாசல். மேற்கு, கீழே, மேற்கு. திரை எழுதி முடிக்கும்முன் அடுத்த எழுத்தை அடித்தாள். வெளியே ஒரு ஷூ தரையில் விழுந்தது. குறுகலான வழி, பாலம், மறுபடி மேற்கு. கல் நடை வந்துவிட்டது. எதிரே கதவு. இரண்டாவது ஷூ விழுந்தது. விரல் தானாகப் போய் அழுத்தியது.

எஸ்.

எங்கோ ஒரு சங்கிலி இறுகும் சத்தம் கேட்கிறது என்றது திரை.