இரண்டாவது ஏணியில் விழுந்த பாட்டில்

கசாரா போகிற லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் ஜோயா தன் பையிலிருந்து பச்சைப் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் மூடியில் நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் புள்ளி. அதே புள்ளி வைத்த தட்டும் டம்ளரும் தாராவியில் அவள் வீட்டில் ஒரு கூடையில் தனியாக இருக்கின்றன. டிபி வந்தபோது அவளே வைத்த அடையாளம். மாத்திரையெல்லாம் முடிந்து, பூரணமாகக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லி, தீபாவளியிலிருந்து செம்பூருக்கு வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். கூடை மட்டும் அப்படியே இருக்கிறது.

கல்சுபாய் மலைக்குப் போகலாம் என்று ஆரம்பித்ததும் அவள்தான்.

"மகாராஷ்டிராவிலயே ஒசரமாம்ட்டி. மேல போயி ஒரு போட்டோ எடுத்துட்டேன்னு வையி, அப்புறம் வீட்டுல ஒருத்தரும் என்னைய நீ உக்காரு, நீ உக்காருன்னு சொல்ல முடியாது."

கிளம்பும்போது அவளுடைய உம்மா என்னை மட்டும் வாசலில் நிறுத்தினார். "மாலதி, இருமுனான்னா அங்கனயே திருப்பிக் கூட்டியாந்துரணும், என்ன?" நான் தலையாட்டினேன்.

அன்று இரவு மலையடிவாரத்து வயலில் வாடகைக் கூடாரம். உள்ளே இரண்டு பேர் படுக்கத்தான் இடம். ஜோயா எனக்கு முதுகைக் காட்டிப் படுத்து, துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டாள்.

"மூச்சு முட்டப் போவுது."

"பழகிட்டு. நீ தூங்கு."

காலையில் வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்கினோம். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் மலையேறுகிறவர்களுக்குப் பனி இருக்கும், கயிறு இருக்கும், தொலைவில் ஒரு மடாலயத்தின் மணி கேட்கும். இங்கே வழியெல்லாம் ஆட்டுப்புழுக்கை. ஒரு திருப்பத்தில் எலுமிச்சை ஜூஸ் கடை. ஆனாலும் மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது.

"உன் புக்குல மலைக்குப் போறவங்க கடைசியில என்ன ஆவாங்க?" என்றாள் ஜோயா.

"பாதிப் பேரு செத்துருவாங்க."

"நல்ல ஆளப் பாத்துக் கூட்டியாந்தேன் போ."

பாறை செங்குத்தாக இருக்கிற இடங்களில் இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஏணியின் நடுவில், அவள் பையின் பக்கவாட்டிலிருந்து பச்சைப் பாட்டில் நழுவியது. கம்பியில் ஒருமுறை, பாறையில் ஒருமுறை ஒலித்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

மேலே ஏறியதும் என் பாட்டிலை நீட்டினேன்.

"வேணாம். எனக்குத் தாகமே இல்ல."

அடுத்த ஏணி வரைக்கும் அப்படியே நடந்தாள். உதடு வெள்ளையாகிவிட்டிருந்தது. நான் வற்புறுத்தியதும் பாட்டிலை வாங்கி, அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து வாயில் ஊற்றினாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளுக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமல் நிற்கிற மாதிரி தெரியவில்லை. நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இருமுனா திருப்பிக் கூட்டியான்னு உம்மா சொல்லிருக்கும்லா?"

"சொன்னாங்க."

"அப்ப இறங்கிருவோம். வா." பையின் வாரை இறுக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஏட்டி, அது பொறையேறுனது. இப்படி மூச்சு வாங்கும்போது அண்ணாந்து ஊத்துனா யாருக்குத்தான் பொறையேறாது? வாய் வச்சுக் குடி."

"நீ மட்டும் அண்ணாந்துதான குடிக்க? காலையில இருந்து பாக்கேன்."

எங்கள் வீட்டில் யாரும் எதிலும் வாய் வைத்துக் குடிப்பதில்லை. "பிறந்ததுல இருந்து அப்படித்தான்ட்டி குடிக்கேன். எங்கம்மா என் எச்சியக் கூடத் தொடாது."

"தெரியும். எங்க வீட்டுலயும் அப்படித்தான்." வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா இப்பல்லாம் யாரு அண்ணாந்து குடிச்சாலும் எனக்காகத்தான் குடிக்காங்கன்னு தோணுது. நான் என்ன செய்ய?"

நான் பாட்டிலை வாங்கி, வாய் வைத்து ரெண்டு மடக்குக் குடித்தேன். பழக்கமில்லாததால் கொஞ்சம் தாடையில் வழிந்தது. துடைக்காமல் அவளிடம் நீட்டினேன்.

"சீ, எச்சி" என்றாள். பிறகு வாய் வைத்துக் குடித்தாள், பாதிப் பாட்டில் காலியாகும் வரை. திருப்பிக் கொடுத்துவிட்டு, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் மறுபடி வாய் வைத்துக் குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"உன் லிப் பாம். ஸ்ட்ராபெரி."

"அரே, அது புதுசுடி. அத முழுங்கிட்டியா?"

அப்போது என் போன் அடித்தது. அவள் உம்மா.

"என்ன மாலதி, இருமுனாளா?"

ஜோயா அசையாமல் நின்றாள்.

"தண்ணி குடிக்கும்போது பொறையேறிட்டு. இப்ப சரியாயிட்டு. மேல போறோம்" என்றேன்.

"பையப் போங்க" என்று சொல்லி உம்மா போனை வைத்தார்.

நான் நிமிர்ந்தபோது, போனை எடுக்கக் கீழே வைத்த பாட்டில் ஜோயாவின் பைக்குப் போய்விட்டிருந்தது. அவள் ஏணியில் பாதி தூரத்தில் இருந்தாள். நான் முதல் படியிலேயே மூச்சு வாங்க நின்றேன். அவள் கம்பியைப் பிடித்தபடி கீழே குனிந்து கத்தினாள்.

"ஏட்டி மாலதி, களைப்பா இருக்கா? நீ உக்காரு, நீ உக்காரு!"