கார்த்தூமை நகர்த்திப் பார்த்தேன்

1

நான் அடித்த ஒரு பெருமையில்தான் இந்தக் கதை பிறந்தது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் கடை வைத்திருக்கும் ஆஷிக் அலியிடம், "உள்நாட்டுப் போரை வச்சு ஒரு கதை எழுதுதேன். நாடு கற்பனை. தலைநகரம் கடலோரத்துல இருக்கு" என்றேன்.

அவர் கையிலிருந்த போனைக் கீழே வைத்தார்.

"கடலோரம்னா எல்லாரும் கப்பல் ஏறிப் போயிருவாங்களே அண்ணாச்சி. பொறவு கதை எங்கன இருக்கு? நாங்க மாட்டுனது சூடான் தலைநகரம் கார்த்தூம்ல, அங்க கடலே கெடையாது."

என் கற்பனை நாட்டை அங்கேயே கைவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'நைல் நதி அமைதியாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் காலையில்...'

(வேண்டாம். அன்று ஆஷிக் அலி நதியைப் பார்க்கவே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: 2023 ஏப்ரல், நோன்பு மாதம். மருந்துக் கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்த ஆஷிக் அலி வெடிச்சத்தம் கேட்டு எழுந்தார். விமான நிலையம் ஊருக்கு நடுவே, ராணுவத் தலைமையகத்தை ஒட்டி இருந்தது. ராணுவத்தோடு முறைத்துக்கொண்டு அரசாங்கத்தின் கழுத்தைப் பிடிக்க வந்த துணை ராணுவப் படை, அந்தச் சண்டையிலேயே வெளியேறும் வழியையும் அடைத்துவிட்டது. நதிகள் கூடுமிடத்தில் மூன்று ஊர்களாகப் பிரிந்து கிடந்தது தலைநகரம். பாலம் யார் கையிலோ, ஊர் அவன் கையில்.

(இதை எழுதும்போது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன். ஒரு நகரம் வேறு இடத்தில் இருந்திருந்தால் ஒரு போரே வேறு மாதிரி நடந்திருக்கும்!)

ஆஷிக் அலியின் மனைவி ஆபிதா பானு கடையநல்லூரில் இருந்தாள். அவள் தம்பி ஷாஜித்துக்கும் அதே கம்பெனியில்தான் வேலை; அவன் இருந்தது ஆற்றுக்கு அக்கரையில், ஓம்டுர்மானில். செங்கடல் துறைமுகத்துக்குப் போகும் பஸ் இக்கரையில் நின்றது. ஷாஜித் போனில் சொன்னான்:

"நீங்க ஏறுங்க மச்சான். பாலத்துல துப்பாக்கியோட நிக்கான்."

"உன்னை விட்டுட்டு உங்க அக்கா மூஞ்சில எப்படிலே முழிப்பேன்?"

ஆஷிக் அலி பாலத்துக்கு நடந்தார். ஒரு சிப்பாய் அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு, துப்பாக்கி முனையால் வந்த வழியைக் காட்டினான். திரும்பி ஓடி, நகரத் தொடங்கிய பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

3

(இங்கே ஷாஜித்தைக் கொன்றேன். உருக்கமான ஒரு பக்கம். ஆஷிக் அலி படித்துவிட்டு, "அவன் வீட்டுல பிரியாணி தின்னுட்டு இருக்கான் அண்ணாச்சி. கதைக்காக எதுக்கு அவனை மவுத்தாக்கணும்?" என்றார். அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. போர்ட் சூடானில் யாரிடமோ போன் வாங்கி மனைவியை அழைத்தார்.

"ஆபிதா, நான் தப்பிச்சுட்டேன். ஆனா தம்பி..."

"அவன் எகிப்து பார்டர்ல நிக்கான். இப்பத்தான் பேசுனான். நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டு அழுதான்."

பாலம் அடைபட்டதால் இக்கரைக்காரர் கிழக்கே கடலுக்கும், அக்கரைக்காரன் வடக்கே எல்லைக்கும் ஓடியிருந்தார்கள். ஆஷிக் அலி துறைமுகத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கொடுக்கும் அளவுக்குச் சிரித்தார்.*

* அரசாங்கமும் அதே துறைமுகத்துக்குத்தான் இடம் மாறியது. ஆனால் கார்த்தூமை விட மனமில்லை. தலைநகரம் இல்லாத அரசாங்கத்தை யார் மதிப்பார்கள்? ராணுவம் இரண்டு வருடம் போராடி நகரை மீட்டது.

4

இப்போது பழைய கம்பெனி இருவரையும் கார்த்தூமுக்குத் திரும்பக் கூப்பிடுகிறது. ஷாஜித் பெட்டி கட்டிவிட்டான். ஆஷிக் அலி போகிறார் என்று ஒரு முடிவும், போகவில்லை என்று ஒரு முடிவும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே பொய்யாகத் தெரிந்தன.

நேற்று கடைக்கு வந்த ஆபிதா பானுவிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. கணவனைப் பார்த்துக் கேட்டாள்:

"போங்க, நான் தடுக்கலை. ஆனா இந்தத் தடவை ரெண்டு பேரும் ஒரே கரையில இருப்பீங்களா?"

ஆஷிக் அலி கல்லாவைப் பூட்டினார். பிறகு அவளைப் பார்த்து

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. அவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும். நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.)