ஏழாம் கேள்விக்கு அக்காவின் பதில்

வங்கிக் கிளையில் அவனுக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர். மற்ற அலுவலர்கள் ஒரு வாடிக்கையாளரை உட்காரவைத்து அரை மணி நேரம் உயிரை வாங்குவார்கள். அவனோ, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, "ரெண்டே நிமிஷம், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிடுவான். வந்தவர்கள் கும்பிடாத குறையாகப் போவார்கள். அவனும் அந்தப் பெயரில் குளிர்காய்ந்துகொண்டுதான் இருந்தான்.

அந்த மிச்சம் என்பது பத்துக் கேள்விகள். நிதித் திட்டத்தில் பணம் போடுகிறவர் எவ்வளவு நஷ்டம் தாங்குவார் என்று கேட்கிற படிவம். மதிப்பெண் நாற்பதைத் தொடாவிட்டால் கணினி அந்தத் திட்டத்தை விற்கவே விடாது. எந்தெந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் நாற்பத்திரண்டு வரும் என்ற துண்டுச் சீட்டு எல்லோருடைய கீபோர்டுக்கு அடியிலும் இருந்தது. மேலாளருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்குத்தானே அவருக்குத் தனி அறை.

அக்காவின் படிவத்திலும் அதே சீட்டைப் பார்த்துத்தான் அடித்தான். கூடப் பிறந்தவளாயிற்றே என்று ஒரு முறை கை தயங்கியிருக்கலாம். தயங்கவில்லை. அதை நினைத்தால் இப்போது அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை.

அக்கா சீருடை தைக்கும் ஆலையில் முப்பத்தோரு வருடம் மிஷின் மிதித்தவள். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை முழுசாகத் தூக்கி, "நீ இருக்கும்போது எனக்கென்னடா பயம்" என்று தம்பியிடம் கொடுத்தாள். வாடகைக்கு இருக்கும் இரண்டறை வீட்டை வாங்கிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. பணம் கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருந்தாள். வளர்வது கிடக்கட்டும், ஒருநாள் காலையில் அந்தத் திட்டத்தை நடத்திய நிதி நிறுவனம் கதவைச் சாத்திக்கொண்டது. போட்டதில் பாதிகூடத் தேறாது என்றார்கள். வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசிவரைதான் பொறுப்பாராம். அப்புறம் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்.

பணம் திரும்பக் கிடைக்க ஒரே வழிதான் இருந்தது. படிவத்தை அலுவலர் நிரப்பியிருந்தால் வங்கி முழுத் தொகையையும் கொடுத்துவிடும், அலுவலருக்கு வேலை போகும். வாடிக்கையாளரே நிரப்பியிருந்தால் சல்லிக்காசு கிடையாது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார்.

விசாரணை அன்று காலை அவன் அக்காவுக்கு போன் செய்தான். வீட்டுக்கடன், மகள்களின் படிப்பு எல்லாம் தொண்டைக்குள் வரிசையில் நின்றன. வாயில் வந்தது வேறு.

"மேடம் கேட்டா நீயே நிரப்பினதா சொல்லிடுக்கா. சும்மா ஃபார்மாலிட்டி."

"அவ்ளோதானே? சொல்லிட்டாப் போச்சு."

ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

அதிகாரி ஐம்பதை நெருங்கும் பெண்மணி, குரல் உயர்த்தாதவர். இருவரையும் ஒன்றாகவே உட்காரவைத்தார். படிவத்தை அக்காவின் பக்கம் திருப்பி, "இதை யாரும்மா நிரப்பினது?" என்றார்.

"நான்தாம்மா."

"எல்லாக் கேள்விக்கும் நீங்களேதானா?"

"ஆமாங்க. தம்பி பக்கத்துல சும்மா உக்காந்திருந்தான்." அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தம்பிக்கு நல்லது செய்வதாக நினைத்து, தானாகவே சேர்த்துக்கொண்டாள். அவன் மேஜை ஓரத்தில் பெயர்ந்திருந்த பிளாஸ்டிக்கை நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தான்.

அதிகாரி வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய அனுப்பிவிட்டு, வெளியே காத்திருக்கச் சொன்னார். நடைவழியில் தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"தங்கமான பொம்பளையா இருக்காங்க. பணம் இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துரும்ல?"

"பாக்கலாம்க்கா" என்றான். இப்படி ஒரு பதிலைச் சொன்ன வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று அவனுக்கே தோன்றியது.

கூப்பிட்டார்கள். அச்சடித்த ஒற்றைத் தாள் மேஜையில் இருந்தது. அக்கா பேனாவை எடுத்தாள்.

"வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் அதிகாரி.

"அவசரத்துல கண்ணாடிய வீட்லயே வச்சுட்டேன். தம்பி வாசிப்பான்."

அதிகாரி ஒரு நொடி யோசித்தார். பிறகு தாளை அவனிடம் நீட்டி, படிவத்தையும் கூடவே வைத்தார். "கேள்வியோட சேத்தே வாசிங்க சார்."

எத்தனையோ வருடமாக அந்தப் படிவத்தோடு குடித்தனம் நடத்தியவன், ஒரு மனுஷருக்கு அதை வாய்விட்டு வாசிப்பது அன்றுதான் முதல் தடவை. "கேள்வி ஏழு. உங்கள் முதலீடு பாதியாகக் குறைந்தால் என்ன செய்வீர்கள்? பதில்: கவலைப்படாமல் மேலும் வாங்குவேன்."

அக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். "எவடா அவ, இப்படிச் சொன்னவ?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அவன் தாளுக்குத் தாவினான். "படிவத்தில் உள்ள பதில்கள் அனைத்தையும் நானே அறிந்து நிரப்பினேன். ஆகவே..." அடுத்த வரியை விழுங்கிவிடலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. "ஆகவே வங்கியிடம் இழப்பீடு எதுவும்..."

"எதுவும்?" என்றாள் அக்கா.

"கோரமாட்டேன்."

"அப்டீன்னா?"

"கையெழுத்துப் போட்டா பணம் வராதுக்கா. போடாத." அதிகாரியின் பக்கம் திரும்ப முடியாமல் தாளைப் பார்த்தே சொன்னான். "நான்தாங்க மேடம் நிரப்பினேன். இவங்க ஒரு கேள்வியக்கூடப் பாக்கல. காலைல போன் பண்ணி, இப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான்."

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான். ஓங்கி ஓர் அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். அவன் கையிலிருந்த தாளையும் படிவத்தையும் மெதுவாக உருவி எடுத்து, அதிகாரியிடம் நீட்டினாள்.

"புதுசா எழுதி, நீங்களே எனக்கு வாசிச்சுக் காட்டுங்கம்மா. இவன் வேண்டாம்."