கேளுங்கள் என்றார் வீரபத்ரையா

ஜோதிமணி இடது பாதத்தைத் தூக்கி வலது பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள். கடைக் கவுண்டருக்குக் கீழே நடப்பது யாருக்கும் தெரியாது. மேலே அவள் கைகள் முப்பத்தேழாவது சேலையை விரித்துக்கொண்டிருந்தன. எதிரே குஷன் நாற்காலிகளில் மணப்பெண்ணும் அவளுடைய தாயும் இரண்டு அத்தைமார்களும் அமர்ந்து, மாம்பழ நிறத்தில் இன்னும் கொஞ்சம் வெளிறிய ஒன்று வேண்டும் என்றார்கள். ஜோதிமணி சிரித்தாள். திரும்பி ஏணியில் ஏறினாள்.

மைசூரின் அனுப்ரியா பட்டு மாளிகையில் காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது வரை விற்பனைப் பெண்கள் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இருந்தாலும் நிற்க வேண்டும். இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் கேமரா காட்டிக்கொடுக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், கிடங்கில், துணிக்கட்டுகளின் மேல். அந்த இருபது நிமிடந்தான் உட்காரும் நேரம்.

ஒன்பது வருடம் அப்படி நின்றதில் அவளுடைய இடது காலின் நரம்புகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தன. கணுக்காலில் ஒரு புண், நான்கு மாதமாக ஆறவில்லை. பாதி நேரமாவது உட்கார்ந்து வேலை செய்யாவிட்டால் கால் கெட்டுவிடும் என்று அரசு மருத்துவமனை டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை மேற்பார்வையாளர் சேகரனிடம் கொடுத்தாள். மறுநாள் அவர் அதை மடிப்புக் குலையாமல் திருப்பித் தந்தார்.

"அனுப்ரியா மேடம் பாத்தாங்க. உக்காரணும்னா வீட்லயே உக்காந்துக்கட்டும்னாங்க. திங்கக்கெழம முடிவு சொல்லிரு ஜோதிமணி. நான் வேற ஆள் பாக்கணும்."

சொந்த ஊரான ராமாபுரத்தில் கணவன் கணேசனுக்கு இருந்த மானாவாரி நிலம் இரண்டு வருடமாகத் தரிசு. மகள் தமிழ்ப்ரியா மைசூரில் நர்சிங் முதலாண்டு. வேலையை விட்டால் மகளின் படிப்பு நிற்கும். விடாவிட்டால் கால் போகும். இதைத்தான் திங்கட்கிழமைக்குள் அவள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடையின் ஷட்டர் திடீரென்று இறக்கப்பட்டது. வாசலில் இரண்டு பேருந்துகள் நின்றன. வீரபத்ரையாவின் பொதுக்கூட்டத்துக்குக் கடையின் ஊழியர்கள் அத்தனை பேரும் வர வேண்டும்.

வீரபத்ரையா தேர்தலில் நிற்கிறார். விஜயநகரில் நான்கு மாடி வீடு, நஞ்சன்கூடு சாலையில் இரண்டு தொழிற்சாலைகள், மருமகள் அனுப்ரியாவின் பெயரில் இந்தப் பட்டு மாளிகை. இவ்வளவும் உடையவர் இந்தத் தேர்தலில் எடுத்துக்கொண்ட பேச்சு ஏழை பணக்காரன் வித்தியாசம். நகரமெங்கும் அவருடைய படத்தோடு ஒரே ஒரு கன்னடச் சொல் ஒட்டப்பட்டிருந்தது: 'கேளி'. கேளுங்கள்.

பேருந்தில் சேகரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அறிவித்தார். "ஐயா பேசறப்ப யாரும் போன் நோண்டக் கூடாது. நல்லாக் கேளுங்க. நடுவுல கட்சிப் பசங்க மைக் எடுத்துட்டு வருவாங்க. பொம்பளைங்க யாராச்சும் எந்திரிச்சு 'வீரபத்ரையாவுக்கு ஜெய்'னு கத்தணும். அவ்ளோதான்."

"சேகரண்ணா," என்றாள் பின்னிருக்கையிலிருந்து நிம்மி. ரெடிமேட் பிரிவில் நிற்பவள், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், வாய் அடங்காதவள். "கத்தறது நின்னுட்டா, உக்காந்துட்டா?"

பேருந்து முழுக்கச் சிரித்தது. சேகரனும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

மைதானம் நிரம்பி வழிந்தது. தமுக்கும் மேளமும் காதைப் பிளந்தன. காகிதத் துண்டுகளை வானத்துக்கு ஊதும் இயந்திரம் ஒன்று முழங்கியது. பட்டு மாளிகை ஊழியர்களுக்கு முன்பக்கத்தில் ஏழு வரிசை நாற்காலிகள். ஜோதிமணி உட்கார்ந்தாள். சேலையைச் சற்றே உயர்த்தி, இடது காலை நீட்டி வைத்தாள். கெண்டைக்காலில் கட்டிக் கிடந்த இரத்தம் மெல்ல மெல்ல ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. வேலை நேரத்தில், முதலாளியின் உத்தரவின்படி, சம்பளத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள்!

"பாத்தியா கணே," என்று கன்னடத்து 'அடியே'யில் அழைத்து நிம்மி அவள் விலாவில் இடித்தாள். "மாசம் ஒரு எலெக்ஷன் வந்தா உன் காலு தன்னால கொணமாயிடும்."

"சும்மா இரு புள்ள. சேகரண்ணன் பாக்கறாரு."

"பாக்கட்டும் மாராயத்தி. இன்னிக்கு உக்கார்றதுதான் டூட்டி."

வீரபத்ரையா எழுந்தார். தேக்கில் செதுக்கிய சிம்மாசனம் போன்ற இருக்கையிலிருந்து எழுந்து, பின்னால் இரண்டு குளிர்காற்று இயந்திரங்கள் சுழல, ஒலிபெருக்கியைப் பற்றினார். கதர் வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. கன்னடத்தில் தாழ்ந்த குரலில் தொடங்கினார். கூட்டம் காது கொடுத்தது. பிறகு குரல் உயர்ந்தது; உயர்ந்துகொண்டே போனது.

"உழைப்பவன் நிற்கிறான், உண்பவன் உட்கார்ந்திருக்கிறான்! நெய்தவளுக்குப் பட்டில்லை, விதைத்தவனுக்குச் சோறில்லை! ஒரு கைப்பிடி மனிதர்கள் இந்த நாட்டின் நாற்காலிகளை எல்லாம் பிடித்துக்கொண்டார்கள். கோடானுகோடிப் பேர் வாசலில் நிற்கிறார்கள். இது தருமமா?"

"அல்ல!" என்று அதிர்ந்தது மைதானம்.

ஜோதிமணியும் கத்தினாள். அவளை அறியாமல் உடம்பு சிலிர்த்தது. அந்த மனிதர் அவளுடைய காலைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார் என்று தோன்றியது. அருகில் நிம்மிகூட நகைப்பை விட்டுவிட்டு வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீரபத்ரையா முன்வரிசைகளை நோக்கித் திரும்பினார். அங்கே தமிழ்ப் பெண்கள் அதிகம் என்று யாரோ சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் தமிழுக்கு மாறினார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

"தாய்மாரே! கேளுங்க! நல்லாக் கேளுங்க! யாருக்கும் பயப்படாம கேளுங்க!"

சொல்லிவிட்டு நிறுத்தினார். தேர்ந்த மேடைப் பேச்சாளரின் நிறுத்தம் அது. அடுத்த வாக்கியம் இடியாய் இறங்குவதற்காக விடப்படும் மௌனம். அந்த மௌனத்துக்குள் ஜோதிமணி எழுந்து நின்றாள்.

கோஷம் போட எழுந்தாள் என்று எண்ணிய கட்சித் தொண்டன் ஒருவன் ஓடிவந்து ஒலிவாங்கியை அவள் கையில் திணித்தான். சேகரன் கட்டை விரலை உயர்த்தி உற்சாகமூட்டினார்.

"ஐயா," என்றாள். மைதானத்தின் நான்கு மூலையிலிருந்தும் தன் குரலே திரும்பி வந்ததில் ஒருகணம் திடுக்கிட்டாள். "கேக்கச் சொன்னீங்க. கேக்கறனுங்கய்யா. நானு துணிக்கடையில வேல செய்யறனுங்க. ஒம்போது வருசமா நின்னுட்டே இருக்கறனுங்க. என்ற காலு புண்ணாப் போச்சுங்க. டாக்டரு உக்காரச் சொல்லிச் சீட்டு குடுத்தாரு. உக்காந்தா வேலயில்லீங்கறாங்க. ஒரு ஸ்டூலு போடச் சொல்லுங்கய்யா. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

வீரபத்ரையாவின் முகம் மலர்ந்தது. தம் பேச்சுக்குச் சான்று தானாகவே எழுந்து நிற்கிறது! அவர் மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டார்.

"கேட்டீங்களா ஜனங்களே! ஒரு ஸ்டூல்! ஒரு ஸ்டூல் போட மனசில்லாத முதலாளி இந்த மைசூர்ல இருக்கான்! யார் அவன்? எந்தக் கடை? பேரைச் சொல்லு தாயே! வீரபத்ரையா இருக்கேன், பயப்படாதே!"

"ஹெசரு ஹேளு! பேரைச் சொல்லு!" கூட்டம் கை தட்டித் தாளமிட்டது. சேகரன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார்; வேண்டாம், வேண்டாம். நிம்மி தோழியின் முந்தானையைப் பற்றினாள். இழுக்கவில்லை, பற்றிக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"அனுப்ரியா பட்டு மாளிகைங்கய்யா," என்றாள் ஜோதிமணி. "உங்க மருமக கடைதானுங்க."

மேளக்காரனின் குச்சி மேளத்தில் தவறி விழுந்த ஓசை கேட்டது. பிறகு பின்வரிசையில் ஒரு விசில். அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு, பத்துச் சிரிப்பு, ஆயிரம் சிரிப்பு. "உத்தர கொடி ஐயா! பதில் சொல்லுங்க!" என்று இரு மொழியிலும் குரல்கள் கிளம்பின. நாற்காலிகளின் மேல் ஏறி நின்று கைபேசிகளை உயர்த்தினார்கள். தொண்டன் ஒலிவாங்கியைப் பிடுங்கினான்.

வீரபத்ரையா முப்பது வருடம் மேடை கண்டவர். தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கடகடவென்று சிரித்தார். "பாத்தீங்களா! என் வீட்டைப் பத்தியே என்கிட்ட கேள்வி கேக்கற தைரியம்! இதத்தான் நான் கேட்டேன்! இவ என் கடைக்காரி இல்ல, என் மக! நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அந்தக் கடைக்கு ஸ்டூல் வரும். ஒண்ணு இல்ல, இருபது! இது வீரபத்ரையா வாக்கு!"

காகித இயந்திரம் முழங்கியது. மேளம் வெடித்தது. வண்ணத் துண்டுகள் ஜோதிமணியின் தலையிலும் தோளிலும் பொழிந்தன. முன்பின் அறியாத பெண்கள் வந்து அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள்.

திரும்பும் பேருந்தில் ஒவ்வொரு கைபேசியிலும் அவள் குரல் ஒலித்தது. சேகரன் முன்னாலிருந்து தட்டுத் தடுமாறி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அறிவிருக்கா உனக்கு? கேளுங்கன்னா, வாய மூடிட்டுக் காதுல வாங்குங்கன்னு அர்த்தம். கேள்வி கேளுன்னா சொன்னாரு?"

"அவரு கேளுங்கன்னாருங்ண்ணா. பயப்படாமக் கேளுங்கன்னாரு. வெறும் காதுல வாங்கறதுக்கு என்னத்துக்குங்ண்ணா பயப்படணும்?"

"தமிழ்லயும் அதே கேளு, கன்னடத்துலயும் அதே கேளு," என்றாள் நிம்மி. "தப்பு பாஷையோடது, சேகரண்ணா. வேணும்னா பாஷைய வேலைய விட்டுத் தூக்குங்க!"

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உண்மையாகவே வேன் வந்தது. இருபது ஸ்டூல்கள், சிவப்பு வெல்வெட் மெத்தை, பித்தளைக் கால்கள். நான்கு தொலைக்காட்சிகளின் கேமராக்கள் வந்தன. அனுப்ரியா தம் கையாலேயே ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து வைத்து, ஜோதிமணியைத் தோளைப் பிடித்து அமர்த்தினார். இருபது பெண்களும் வரிசையாக உட்கார்ந்து சேலை விரித்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"வீட்டுக்குப் போய் கேக் வெட்றோம்," என்று நிம்மி காதில் சொன்னாள். "என் மாமியார் சர்ச்ல, சண்டே மாஸ்ல உனக்காக வேண்டிக்கிட்டாங்களாம்."

பதினொன்றரைக்குக் கேமராக்கள் போயின. பதினொன்றே முக்காலுக்குச் சேகரன் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"எல்லாரும் எந்திரிங்க. கவுண்டருக்குள்ள எடம் பத்தல, சேல விரிக்க எடஞ்சலா இருக்குன்னு மேடம் சொன்னாங்க. நல்ல எடமாப் பாத்து வெக்கறோம்."

இரண்டு ஆட்கள் ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிப் போனார்கள்.

திங்கட்கிழமை ஜோதிமணி முடிவு சொல்லச் சேகரனிடம் போனாள். அவர் கேட்கவில்லை. "உன்ன வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்க. மேடமே சொல்லிட்டாங்க. ஊரெல்லாம் உன்னப் பாக்கத்தான் கடைக்கு வருது. இனிமே நீ முன்னாடி ஷோகேஸ்ல நிக்கணும்."

"உக்கார்றதுங்கண்ணா?"

அவர் சாவிக்கொத்தைக் கையில் உருட்டினார். "நிக்கணும்னாங்க ஜோதிமணி."

சாலையை நோக்கிய கண்ணாடிக் கூண்டு புதிதாக அலங்கரிக்கப்பட்டிருந்தது. மேலே பூச்சரம் சூட்டிய வீரபத்ரையாவின் படம். அதன் கீழே 'சமத்துவ வாரம்: அனைத்துப் பட்டுக்கும் இருபது சதவீதத் தள்ளுபடி'. தரையில் அந்த வெல்வெட் ஸ்டூல்களில் ஆறு அரைவட்டமாகப் போடப்பட்டிருந்தன. அவற்றின்மேல் பெங்களூரிலிருந்து தருவித்த ஆறு பொம்மைகள் முழங்கால் மடித்து அமர்ந்திருந்தன. அவற்றுக்குச் சேலை உடுத்துவது அவள் வேலை.

கடைப் பக்கத்துக் கண்ணாடி வழியாக நிம்மி எட்டிப் பார்த்தாள். பொம்மைகளைப் பார்த்தாள், தோழியின் கணுக்காலில் ஈரம் ஊறிய கட்டுத்துணியைப் பார்த்தாள். "இதுங்களுக்கு என்ன கணே, காலு வலியா?" என்றாள். அவள் குரலில் சிரிப்பு வரவில்லை. சேகரன் கூப்பிட, உள்ளே போனாள்.

ஜோதிமணி முதல் பொம்மையின் மடியில் கொசுவத்தைப் பரப்பினாள். குனிந்து, அதன் வழவழப்பான கால்களுக்கு மேல் கரை சமமாக விழுகிறதா என்று பார்த்தாள். வெளியே நடைபாதையில் கூட்டம் சேர்ந்திருந்தது. புதுமணத் தம்பதியர் இருவர் கைபேசியை உயர்த்தினார்கள். படம் சரியாக அமையவில்லை போலும். அந்த இளைஞன் கண்ணாடியை விரலால் தட்டி, கையை மரியாதையாக அசைத்தான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பொம்மை உக்காந்திருக்கறது மறைக்குது."

ஜோதிமணி ஓரடி தள்ளி நின்றாள்.