வௌவால் கிளம்புகிற நேரம்

...இல்லை, மச்சான் அந்தக் குத்துவிளக்கை முதலில் எடுத்திருக்கக் கூடாது, குடமோ அண்டாவோ எடுத்திருந்தால்கூட நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன், விளக்கைத் துண்டில் சுற்றியதும்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன், பார்க்கில் வௌவால் கிளம்புகிற நேரம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன், சொன்னதும் எனக்கே கேவலமாக இருந்தது, பெண்டாட்டியின் சீர்ப் பாத்திரங்களை அவள் அண்ணன் வந்து மூட்டை கட்டும்போது எவனாவது வௌவால் பார்க்கப் போவானா? வெள்ளைச்சாமி மச்சான் நிமிரவில்லை. "போயிட்டு வாங்க மாப்ள. விளக்கு வைக்கிறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க. விடியக்காலை பஸ்ஸுக்கு நான் ஒத்தையாப் போறதா, ரெண்டு பேரும் போறமான்னு. கமலா இனிமே இங்கிட்டு வரமாட்டா, அது முடிஞ்சு போச்சு." எப்படியும் பாத்திரம் போகப்போகிறது, நானும் கூடப் போகிறேனா என்பதுதான் கேள்வி. சாத்தூரில் கமலா இருக்கிறாள், வேலை கிடையாது, மழை பெய்யாத கரிசலைப் பார்த்துக்கொண்டு மாமனார் வீட்டில் சோறு தின்ன வேண்டும்... இங்கே வேலை இருக்கிறது, காண்ட்ராக்டில் மண் சுமந்து சுமந்து இப்போதுதான் பம்ப் ஹவுசில் பெர்மனெண்ட் ஆகியிருக்கிறது, குவார்ட்டர்ஸ் இருக்கிறது, குவார்ட்டர்ஸில் யாரும் இல்லை.

பார்க் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, முள்கம்பி வேலி, ஒரு சின்னக் குட்டை, நாலைந்து இலுப்பை மரம், மரம் முழுக்கத் தலைகீழாகத் தொங்குகிற வௌவால்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கீச்சுக் கீச்சென்று சண்டை, இவ்வளவு நெருக்கத்தில் இருந்துகொண்டு எதற்குச் சண்டை, எனக்கு ஒரு ஆள்கூட இல்லையே சண்டை போட... செங்கமலம் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்து மனுஷி, அவளுடைய ஊர் இருந்த இடத்தில்தான் இப்போது நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது, காண்ட்ராக்டில் பார்க்கைக் கூட்டுகிறாள். "என்னா சார், வூட்டுக்காரம்மா வரலியா? இங்கியே நின்னு வவ்வாலு பாத்துக்கினு இருக்குமே." ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். "எப்ப வருது?" நான் குட்டையைப் பார்த்தேன். அவள் விளக்குமாற்றை மரத்துப் பக்கம் நீட்டினாள். "இதுங்கல்லாம் எங்கூரு வவ்வாலு சார். அய்யனாரு கோயில் ஆலமரத்துல கெடந்ததுங்க. இதுங்க பயந்துக்கும்னு தீவாளிக்குக்கூட நாங்க ஒரு வெடி வெச்சதில்ல, பிள்ளைங்க அழுவும், அடிச்சிப் படுக்க வெச்சிருவோம். இப்ப எனக்கு மந்தாரக்குப்பத்துல வாடகைக் குடிசை, இதுங்களுக்குப் பாரு, டவுன்ஷிப்புக்குள்ள கோட்டர்ஸ்!" சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றுபோயிற்று.

கமலாவும் இப்படித்தான் சிரித்தாள், முதல் தடவை வழி தவறினபோது. நான் செகண்ட் ஷிப்டுக்குப் போய்விட்டால் சாயங்காலம் அவளுக்குப் பேச ஆள் கிடையாது, இங்கே வந்து நிற்பாள், திரும்பும்போது வீடு தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே கேட், ஒரே ஜன்னல், தெருவில் அடையாளத்துக்கு ஒரு கோயில் உண்டா, கிணறு உண்டா? பழைய சேலையில் மஞ்சளாக ஒரு துண்டு கிழித்து எங்கள் கேட்டில் கட்டினாள், இனிமேல் பிரச்சினை இல்லை என்றாள். எதிர்வீட்டு ருக்குமணி அதைப் பார்த்திருக்கிறாள். "அந்தக்கா மஞ்சத்துணி கட்டிக்கினு கீது, அம்மனுக்கு வேண்டுதல் போலருக்குது, நாமளும் கட்டிருவோம்" என்று நாலு பேரிடம் சொல்ல, ஊரெல்லாம் அம்மை பரவின சமயம், மறுநாள் சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்க மஞ்சள் துணி. அன்றைக்குக் கமலா ஒரு வீட்டுக்குள் நுழைந்து, சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்து, வைக்கும்போதுதான் சொம்பில் வேறு யார் பேரோ வெட்டியிருப்பதைப் பார்த்தாளாம். கொல்லையிலிருந்து வந்த பொம்பளை திருடி என்று கத்தவில்லை, காப்பி போட்டுத்தான் கொடுத்தாள், இவள்தான் அதைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். ராத்திரி தன் பாத்திரங்களையெல்லாம் கீழே இறக்கி வைத்து, வெட்டியிருந்த பேரை விரலால் தடவிக்கொண்டு, "இந்த ஊர்ல நான் இன்னாருன்னு சொல்றது இது மட்டுந்தாங்க" என்றாள். நான் பேசாமல் இருந்தேன், தூக்கம் கண்ணைச் சொருகியது... என்ன சொல்லியிருக்கலாம்? ஏதாவது சொல்லியிருந்தால் இருந்திருப்பாளா?

"கெளம்புது பாரு சார்." முதலில் ஒன்று, துணி உதறின மாதிரி, அப்புறம் பத்துப் பதினைந்து, அப்புறம் மரமே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி, வானத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்துக்கொண்டு, கீச்சுச் சத்தம்கூட இல்லாமல்... பழம் தேடி சேத்தியாத்தோப்புப் பக்கம் ஆற்றங்கரைக்குப் போகுமாம், தெற்கே. ஆனால் அவை நேராகத் தெற்கே போகவில்லை, சுரங்கத்துப் பக்கம் திரும்பின, அங்கே பள்ளத்துக்கு மேல் வட்டம் போட்டன, ஒன்றுமில்லாத காற்றில் ஒரு மரத்தைச் சுற்றுகிற மாதிரி. "தெனம் அப்பிடித்தான் சார். மரம் வெட்டி எத்தினி வருசமாச்சி. ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போவுதுங்க." செங்கமலம் அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னாள், குனிந்து சருகை அள்ளிக் கூடையில் போட்டாள். அந்தப் பள்ளத்துக்குள்தான் என் பம்ப் ஓடுகிறது, ராத்திரி பகல் ஊற்றுத்தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறது, நான் இல்லாவிட்டால் இந்தப் பரமசிவத்துக்குப் பதிலாக இன்னொருவன் அதே ஸ்டூலில் உட்காருவான், தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியானால் போய்விடலாமே, மச்சான், நானும் வர்றேன், அவ்வளவுதானே, சின்ன வார்த்தை... போய் நின்றால் கமலா கதவைத் திறந்து யாரைப் பார்ப்பாள்? வேலையை விட்டுவிட்டு வந்தவனையா? அவளுக்கு நான் வேண்டுமா, இல்லை, அந்த ராத்திரி பேசாமல் தூங்கினவன் அங்கேயும் வந்துவிட்டானே என்று நினைப்பாளா? தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை, இவ்வளவு நாள் அவளோடு இருந்துவிட்டு இதுகூடத் தெரியவில்லை.

விளக்குப் போட்டுவிட்டார்கள். மச்சான் சொன்ன நேரம் தாண்டிவிட்டது, வேகமாகத்தான் நடந்தேன், போனதும் சொல்லிவிடலாம், எதையாவது, வாயில் எது வருகிறதோ அதை. தெருவுக்குள் திரும்பினதும் கால் தானாக மெதுவாயிற்று. எல்லா வாசலிலும் ஒரே மாதிரி பல்பு, எல்லா கேட்டிலும் வெளுத்துப்போன மஞ்சள் துணி, யாரும் அவிழ்க்கவில்லை, இந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறம். எத்தனையாவது கேட் என்று நான் எண்ணினதே கிடையாது, ராத்திரி செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும்போது உள்ளே கமலா பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும், அதை வைத்துத்தான் கேட்டைத் திறந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. அவள் போனதிலிருந்து நைட் ஷிப்டுதான், பகல் வெளிச்சத்தில்தான் திரும்பியிருக்கிறேன். ஒரு கேட்டில் கை வைத்தபடி நின்று உள்ளே காது கொடுத்தேன், மச்சான் அண்டாவை நகர்த்தினால் கேட்குமே, ஒரு டம்ளராவது தட்டினால் கேட்குமே. ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டாரா, இல்லை, இது என் வீடே இல்லையா?