லிசி மேடம் சுரண்டாத கல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அடுத்த தொடர்கதையின் கதாநாயகிக்கு ஒரு புது வேலை தேவைப்பட்டது. டாக்டர், வக்கீல் எல்லாம் முடிந்துவிட்டன. ஜியாலஜி பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற லிசி மேடத்தைப் பார்க்க மன்னார்புரம் போனேன். தொடர் எங்கோ போய்விட்டது. இந்தக் கதை வந்து உட்கார்ந்துகொண்டது.

2

மேடம் வீட்டு மேஜைமேல் உள்ளங்கை அகலக் கல். அதில் ஒரு சிறு கிளையின் தடம், அருகே ஒரு கூம்புக்காய். பத்துக் கோடி வருடங்களுக்கு முந்தைய ஊசியிலை மரம். இன்று உலகில் எங்கும் இல்லை.

(இப்படிப்பட்ட மரங்கள் முழுதாகக் கிடைப்பதில்லை. இலைக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள், காய்க்கு இன்னொரு பெயர். இரண்டும் ஒட்டியபடி கிடைத்தால்தான் ஒரே மரம் என்று சொல்ல முடியும்.)

இந்தக் கல்லில் இரண்டையும் இணைக்கும் காம்பு இருக்கவேண்டிய இடத்தை மட்டும் நெல்மணியளவு களிமண் மூடியிருக்கிறது. ஊசியால் சுரண்டினால் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக மேடம் சுரண்டவில்லை.

3

கல் கிடைத்த அன்று ஊட்டத்தூர் ஓடையில் மழை பிடித்துக்கொள்ள, இருவரும் ஒரே குடையில்...

(இந்த வரியை அடித்துவிட்டேன். "குடையெல்லாம் இல்லைங்க, மொட்டை வெயில்" என்றார் மேடம். "அவர் ஒட்டியிருக்குன்னார். நான் ஒட்டலைன்னேன். திரும்பி வர்ற பஸ் பூரா சண்டை.")

அவர் என்றால் ரங்கநாதன். அதே துறையில் வேலை பார்த்தவர், ஸ்ரீரங்கத்துக்காரர். ஞாயிறுதோறும் போன் செய்வார்.

"சுரண்டினீங்களா மேடம்?"

"இல்ல சார்."

"தோத்துருவோம்னு பயம்."

"உங்களுக்காகத்தான் பயப்படறேன்."

அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு. இதைக் காதல் என்று எழுத என் கை துடிக்கிறது. மேடம் விடமாட்டார்.

4

போன மாதம் அவர் வேறு மாதிரி பேசினார். "கண்ணு மங்கிட்டே வருது மேடம். ஆறு மாசம் தாங்கும்கறார் டாக்டர். அதுக்குள்ள பார்த்துட்டா தேவலை."

மேடம் ஊசியை எடுத்து வைத்திருக்கிறார். எடுத்து வைத்ததோடு சரி.

"சுரண்டிட்டா அப்புறம் என்ன கேட்பார்?" என்றார் என்னிடம்.

5

முடிவு ஒன்று: காம்பு இருக்கிறது. அவர் ஜெயிக்கிறார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் பாலம் தாண்டி வந்து பார்க்கிறார்.

முடிவு இரண்டு: காம்பு இல்லை. மேடம் ஜெயிக்கிறார். அதை அவரிடம் சொல்லப் போனை எடுத்து...

இரண்டையும் வாசித்துக் காட்டினேன். மேடம் கல்லைப் பார்த்தபடி, "ரெண்டுலயும் அதுக்கு அடுத்த ஞாயிறு வரலையே?" என்றார்.

ஒரு மூச்சில் ஒரு அத்தியாயம் எழுதுகிறவன் நான். அந்த ஞாயிறு மட்டும் வரவில்லை. 'போன் அடித்தது' என்று எழுதினால் எனக்கே நம்பிக்கையில்லை. 'அடிக்கவில்லை' என்று எழுத மனம் வரவில்லை.

நீங்கள் எழுதிக் கொடுங்கள். சனிக்கிழமைக்குள் வேண்டும். அன்று கல்லைப் பார்க்க ரங்கநாதனை வரச் சொல்லியிருக்கிறார் மேடம்.