ஆணியில் கீறல்

வீட்டுப் பியானோவுக்கு வருஷத்தில் இரண்டு தடவை சுருதி சேர்த்தால் தாராளம். இந்த வீட்டுக்கு ட்யூனர் மூன்று மாதத்தில் நாலாவது தடவையாக வந்திருந்தார்.

வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். அவர் திறந்தால்தான் உண்டு. சாவி அவர் சட்டைப் பையில். ட்யூனர் உள்ளே வந்ததும் மறுபடி பூட்டினார். அவர் மனைவி அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு, சுவரோரம் நின்றாள்.

"என்னதான் வேலை பாக்குறீங்க? போன மாசம்தான் சரி பண்ணீங்க. மறுபடி பல்லிளிக்குது."

"சில நேரம் கம்பி இழுக்கும் சார்."

"வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போங்க."

ட்யூனருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத் தொழிலில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ரோஷம் வந்தால் மனுஷனுக்குப் புத்தி வேலை செய்வதில்லை. போன தடவை வீட்டுக்காரர் ஃபோனை எடுக்க அடுத்த அறைக்குப் போன அரை நிமிஷத்தில் அவள் கிட்டே வந்து, "அண்ணே, எனக்கு ஒரு உதவி..." என்று தொடங்கியவள், காலடிச் சத்தம் கேட்டதும் சுவரோரம் ஓடிவிட்டாள். அது இப்போது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முன்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பியை முறுக்கிப் பிடிக்கும் ஆணிகளில் மூன்றின் தலையில் புதுக் கீறல்கள்.

"சார், இங்க வாங்க. இதப் பாருங்க. யாரோ குறடு வச்சுத் திருகியிருக்காங்க. கம்பி தானா தளரல சார். என் வேலைல ஒரு குத்தமும் இல்ல!"

ஜெயித்த சந்தோஷத்தில் நிமிர்ந்தவர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. குறடு பிடித்தது யார், எதற்கு என்பது அவருக்கு ஒரே நொடியில் விளங்கியது. இந்த வீட்டுக்குள் வெளியாள் என்று வருவது அவர் ஒருவர்தான். பியானோ கெட்டால்தான் அவரும் வருவார்.

பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா!

"இல்ல சார்... பழைய கீறலாக்கூட இருக்கலாம். என் கைதான் தவறியிருக்கும்" என்று குழறினார்.

வீட்டுக்காரர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"எத்தனை நாளைக்கு ஒருதடவை ட்யூன் பண்ணணும்?"

"மாசாமாசம் பாத்துட்டா நல்லது சார். அடுத்த வாரமே வரேன். நாளைக்கே வேணும்னாலும் வரேன்."

"வேணாம். இனிமே இது கெடாது."

ட்யூனரின் தோளில் கை போட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

தெருவில் நாலடி வைத்தவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டு கையாலும் கதவை அடித்தார்.

"கதவத் திறங்க சார்! நான்தான் திருகினேன்! சத்தியமா நான்தான்!"

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"போலீசுக்குப் போன் போடுங்க!" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு, ட்யூனர் கதவில் காதை வைத்தார். உள்ளே நாற்காலி ஒன்று உருண்டு விழுந்தது. அவள் குரல் மட்டும் வரவேயில்லை.